பாம்பு காட்டிய வழி

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நேராக இறங்குவதில்லை. சுழன்று, முறுக்கிக்கொண்டுதான் இறங்கும். நமக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது, திரும்பிவிடுகிறோம். ஆஸ்திரியா தேசத்தில் ஒருவர் திரும்பவில்லை. ஆயுள் முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்!

விக்டர் ஷாவ்பெர்கர் என்று பெயர். 1885-ல் பிறந்தவர். பரம்பரையாகக் காடு காக்கும் குடும்பம். மேல் படிப்புக்குப் போகச் சொன்னார் தகப்பனார். படித்தால் இயற்கையைப் பார்க்கும் கண் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டுக் காட்டுக்கே போய்விட்டார் பிள்ளை. (நம் வீட்டுப் பையன்கள் கண்ணில் இந்த வரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!)

மலை ஓடைகளே அவருக்குப் பள்ளிக்கூடம். சீறிப் பாயும் நீரில் ட்ரவுட் மீன் அசையாமல் நிற்பதையும், விரட்டினால் நீரோட்டத்தை எதிர்த்தே மேலே பாய்வதையும் மணிக்கணக்காகக் கவனித்தார். குளிர்ந்த நீர் அதிக பாரம் தாங்குகிறது, வளைந்து ஓடும் நீர் அலுக்காமல் ஓடுகிறது என்று தமக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பாடத்துக்கு வேலை வந்தது. ஷாம்பர்க்-லிப்பே இளவரசர் அடால்புக்கு ஸ்டைர்லிங் மலையில் காடு ஏராளம், கையில்தான் காசில்லை. மரத்தை விற்கலாமென்றால், மலையிலிருந்து இறக்குகிற செலவே லாபத்தை விழுங்கிவிடும். "தண்ணீரே இறக்கிவிடும்" என்றார் ஷாவ்பெர்கர். கனத்த மரம் மூழ்கிப் போகுமே என்று நிபுணர்கள் சிரித்தார்கள்.

1922-ல் மர வாய்க்கால் தயாராயிற்று. குறுக்கு வழியில் நேராக வெட்டிக்கொண்டு போகவில்லை. ஓடையைப் போலவே பள்ளத்தாக்கோடு வளைந்து வளைந்து போயிற்று. அடிப்பாகம் முட்டையைப் போல் உருண்டை. வழியில் ஆங்காங்கே பழைய நீரை வெளியேற்றிக் குளிர்ந்த ஊற்று நீரைச் சேர்க்க ஏற்பாடு.

எல்லாம் சரி. பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதற்கு முதல் நாள் சோதனையில் ஒரு பெரிய மரம் தட்டி நின்றுவிட்டது! மானம் போய்விடும் போலிருந்தது. அப்புறம் நடந்ததாக அவரே சொன்ன கதை இது: கரையில் கவலையோடு உட்கார்ந்திருந்தவர் எதிரில் ஒரு பாம்பு நீரைக் கடந்தது. துடுப்பு இல்லை, கால் இல்லை. உடம்பை நெளித்தும் முறுக்கியுமே அவ்வளவு வேகம். உடனே ஆட்களைக் கூப்பிட்டார். வளைவுகளில் இரவோடு இரவாகச் சட்டங்களைச் சாய்த்து அடிக்கச் சொன்னார், தண்ணீர் பாம்பைப் போல் புரண்டு ஓடும்படி. மறுநாள் மரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. நிபுணர்கள் வாயடைத்துப் போனார்கள்.

வளைந்த பாதையும் சாய்த்த சட்டமும் நல்ல யோசனைதான். ஆனால், குளிர்ந்த நீரின் மகிமையை விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்ஷியஸில் என்பது வாஸ்தவம். என்றாலும் 15 டிகிரி நீருக்கும் அதற்கும் எடையில் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிற்காலத்தில் அவர் சுழலைக்கொண்டு புது சக்தியே உண்டாக்கலாம் என்றார்; அது நிரூபணமாகவில்லை. 1958-ல் காலமானார். அவரைப் பற்றிப் பறக்கும் தட்டுக் கதைகள்கூட உண்டு. அவற்றை நம்ப வேண்டாம்.

சுழலை நம்பியவர் இன்னொருவரும் உண்டு. ஆஸ்திரேலியரான ஜே ஹார்மன், நீர்ச்சுழலின் உருவத்தை அப்படியே பிடித்து அல்லிப்பூப் போல் ஒரு சிறு விசிறி செய்தார். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குள் அது சுழன்று, அத்தனை நீரையும் தேங்கவிடாமல் கலக்கிக்கொண்டிருக்கிறது.