கண்டிப்பு எங்கே, கருணை எங்கே?
கலப்படச் சட்டம் வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்

தண்டிக்க ஓங்கிய கை கடுமையாகத் தோன்றலாம். விழும்போது அளவோடுதான் விழவேண்டும். ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் திருவள்ளுவர் அரசனுக்குக் கூறும் அறிவுரையின் சாரம் இது. சட்டம் இயற்றுவோருக்கும், கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கும் இது பொருந்தும். உணவுக் கலப்படச் சட்டம் கடந்து வந்த பாதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

பழைய சட்டம்

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. கலப்படம் என்று முடிவானால் பொதுவாகக் குறைந்தது 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். “எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. 18 வயது கடந்தவர்களை நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் சலுகையும் கிடையாது.

இதனால் என்ன நேர்ந்தது? வேண்டுமென்றே மிளகாய்த் தூளில் செங்கல் பொடி கலப்பவரும், மூட்டையில் வந்த தூளை அப்படியே நிறுத்து விற்ற சில்லறைக் கடைக்காரரும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியதாயிற்று. கொள்முதல் பில்லை உத்தரவாதமாக ஏற்கும் பாதுகாப்பு அந்தச் சட்டத்திலும் இருந்தது. ஆனால் துண்டுச் சீட்டில் சரக்கு வாங்கியவருக்கு அது கைகொடுக்கவில்லை.

இத்தனை கடுமையும் கலப்படத்தை ஒழித்துவிட்டதா? உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமிருந்த அதே சட்டம் அமலில் இருந்தபோதுதான், 1998-இல் டில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தண்டனை ஏட்டில் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. சிறிய பிழைக்கும் பெரிய தண்டனை என்றால், அந்தப் பயமே ஒரு விலைபொருளாகிவிடுகிறது. நேர்மையான வியாபாரி நடுங்குகிறார். நேர்மையற்றவர் பேரம் பேசுகிறார்.

புதிய சட்டம்

2006-இல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் தவறுகளைத் தரம் பிரித்தது. தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், சிறை இல்லை. பாதுகாப்பற்ற உணவு விற்றால் சிறை உண்டு. அதனால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரையிலும் நீளும். அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

குறைகளைத் திருத்திக்கொள்ள 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தந்து நோட்டீஸ் கொடுக்கவும் இச்சட்டத்தில் வழியுண்டு. அபராதத்தை முடிவு செய்யும் அதிகாரி, கிடைத்த முறையற்ற லாபம், பிறருக்கு நேர்ந்த நஷ்டம், தவறு திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்பவற்றைப் பார்க்க வேண்டும். கருணைக்கு இடம் உண்டு. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்ட கருணை அல்ல. 5 லட்சம் ரூபாய் என்பது சிறிய மளிகைக் கடையின் முதலையே விழுங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

இன்றைய சட்டப்படி விற்பனையாளர் நேரடியாகப் பொறுப்பாகும் சந்தர்ப்பங்கள்: காலாவதியான சரக்கை விற்பது, சுகாதாரமின்றி வைத்திருப்பது, லேபிள் தவறான சரக்கை விற்பது, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாதது, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியது. ஆகவே,

• பில் இல்லாத சரக்கைக் கடைக்குள் ஏற்றாதீர்கள். விலை மலிவு என்பது காரணமாகாது.
• உதிரிச் சரக்கு மூட்டைகளில் வாங்கிய தேதியையும் கொடுத்தவர் பெயரையும் எழுதி வையுங்கள்.
• காலாவதித் தேதியை வாரம் ஒருமுறை பாருங்கள். கடந்ததைத் தனியே ஒதுக்குங்கள்.
• சாம்பிள் எடுக்கும்போது அது நான்கு பாகங்களாகப் பிரிக்கப்படும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி உங்கள் செலவில் கேட்கும் உரிமை உண்டு.

கடைக்குள்ளும் இதே நியாயம்

சட்டத்திடம் நாம் எதிர்பார்க்கும் இந்த நியாயத்தை நம் கடைக்குள்ளும் காட்ட வேண்டும். எடையில் தவறிய புதுப் பணியாளரும், தெரிந்தே எடையில் கை வைப்பவரும் ஒன்றல்ல. முன்னவருக்குக் கற்றுக்கொடுங்கள், பின்னவரை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் நோய் என்று ஒரு மாதம் பாக்கி நிறுத்திய பழைய வாடிக்கையாளருக்குத் தவணை கொடுங்கள். இங்கே பாக்கி வைத்துவிட்டு அடுத்த கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குபவரின் பற்றுக் கணக்கை அன்றே முடியுங்கள்.

சங்கத்துக்கும் இது பொருந்தும். அறியாமல் சிக்கிய உறுப்பினருக்காக அதிகாரியிடம் செல்வோம், வாதாடுவோம். தெரிந்தே கலப்படம் செய்தவருக்காக ஒருநாளும் கடையடைப்பு கூடாது. அவருக்குப் பரிந்து பேசினால், நாளை அப்பாவிக்காக நாம் பேசும்போது யார் நம்புவார்கள்?