பூச்சிகளிலிருந்து குறைந்த செலவில் டி.என்.ஏ பிரித்தெடுத்தல்

பூச்சிகளிலிருந்து டி.என்.ஏ பிரித்தெடுத்தல் என்பது பூச்சியின் உயிரணுக்களை உடைத்து, டி.என்.ஏவைப் புரதம் முதலியவற்றிலிருந்து விடுவிக்கும் ஆய்வக முறையாகும். வணிகக் கிட்டுகள் தூய டி.என்.ஏவைத் தந்தாலும், நூற்றுக்கணக்கான மாதிரிகளுக்கு அவற்றின் செலவு மிகும். பாலிமரேசு தொடர்வினைக்கு (பி.சி.ஆர்) மட்டும் டி.என்.ஏ தேவையெனில் எளிய வேதிப்பொருட்களே போதும்.

தேவை

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலசு காம்பியே, அனாபிலசு அராபியென்சிசு ஆகிய கொசுக்களைத் தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. முன்னது பெரும்பாலும் மனிதரையே கடிக்கும். பின்னது கால்நடைகளையும் கடிக்கும். வீட்டுக்கு வெளியேயும் தங்கும் என்பதால் வீட்டினுள் அடிக்கும் மருந்துக்குத் தப்பிவிடக்கூடும். இவற்றை வேறுபடுத்த பி.சி.ஆர் சோதனை உதவுகிறது. அதற்கு ஒரு கொசுவின் கால் போதும். எஞ்சிய உடலைச் சான்று மாதிரியாகப் பாதுகாக்கலாம்.

முறைகள்

செலெக்ஸ் முறை: பூச்சியின் காலை 5% செலெக்ஸ்-100 பிசின் கலவையில் புரோட்டினேஸ் கே நொதியுடன் இட்டு 56° செல்சியசில் வைத்து, பின் கொதிநிலைக்கு அருகில் சூடாக்குவர். டி.என்.ஏவைச் சிதைக்கும் நொதிகளுக்குத் தேவையான உலோக அயனிகளைப் பிசின் பற்றிக்கொள்ளும். மேலே தெளியும் நீர்மத்தை மட்டுமே எடுக்கவேண்டும். பிசின் மணிகள் கலந்தால், பி.சி.ஆருக்குத் தேவையான மக்னீசியத்தையும் அவை பற்றி வினையை நிறுத்திவிடும்.

ஹாட்ஷாட் முறை: 2000ஆம் ஆண்டில் எலித் திசுவுக்காக வெளியிடப்பட்ட இம்முறை பூச்சிகளுக்கும் பயன்படுகிறது. 25 மில்லிமோலார் சோடியம் ஐதராக்சைடும் 0.2 மில்லிமோலார் இ.டி.டி.ஏவும் கொண்ட கரைசலில் மாதிரியை 95° செல்சியசில் சுமார் 30 நிமிடம் சூடாக்குவர். குளிர்ந்தபின் சம அளவு 40 மில்லிமோலார் டிரிசு ஐதரோகுளோரைடு சேர்த்து நடுநிலையாக்குவர். நொதியோ மையவிலக்கியோ கட்டாயமில்லை.

உப்பு முறை: நொதியால் திசுவைக் கரைத்தபின் செறிவான சாதாரண உப்புக்கரைசல் சேர்த்தால் புரதங்கள் வீழ்படிவாகும். மையவிலக்கியால் அவற்றை நீக்கி, தெளிந்த நீர்மத்தில் எத்தனால் சேர்த்து டி.என்.ஏவைப் படியச் செய்வர். நச்சுத்தன்மையுள்ள பீனால், குளோரோபார்ம் தேவைப்படுவதில்லை.

தேர்வும் கவனமும்

முதலிரு முறைகளில் கிடைப்பது தூய்மையற்ற, பெரும்பாலும் ஒற்றை இழையான டி.என்.ஏ, விரைவில் பயன்படுத்துவது நல்லது. நெடுநாள் சேமிப்புக்கு உப்பு முறையே ஏற்றது. மாதிரிகளை 95% எத்தனாலில் வைக்கலாம், பார்மலின் டி.என்.ஏவைச் சேதப்படுத்தும். இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றிலுள்ள பொருட்கள் பி.சி.ஆரைத் தடுக்கும் என்பதால் காலே சிறந்தது.

ஒவ்வொரு தொகுதியிலும் பூச்சி இடாத ஒரு குழாயும், இனம் தெரிந்த ஒரு மாதிரியும் இருக்கவேண்டும். முன்னது மாசு கலந்ததைக் காட்டும். பின்னது வினை நிகழ்ந்ததை உறுதிசெய்யும். இவற்றை விட்டுச் செலவைக் குறைத்தால், பிரித்தெடுப்பில் நேர்ந்த பிழை இன அடையாளத்தின் பிழையாகிவிடும்.