பழைய கார் மக்கர் பண்ணுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

சித்திரை வெயில் நேரத்தில் கோவையிலிருந்து பாலக்காடு ரோட்டில் போனால், மதுக்கரையைத் தாண்டுவதற்குள் இப்படி ஒரு காட்சி கண்ணில் படும். ரோட்டோர மர நிழலில் ஒரு பழைய கார், பானட் திறந்திருக்கும். கையில் தண்ணீர் பாட்டிலோடு குடும்பத் தலைவர் முன்னால் நிற்பார். பின் சீட்டில் பிள்ளைகள் துண்டால் விசிறிக்கொண்டிருப்பார்கள். டூவீலரில் போகிறவர் நிறுத்தி, "ஏனுங்க, ஹீட் ஆயிடுச்சுங்களா?" என்பார். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரேடியேட்டரை மாத்துங்க, வாட்டர் பம்ப் போயிருக்கும், முதல்ல இந்த வண்டியைத் தள்ளிவிடுங்க!

இந்த மூன்றுமே தப்பாக இருக்கலாம். ஒரு ரிலேவோ ஃபேன் ஸ்விட்ச்சோ போனதற்காக ரேடியேட்டரையே மாற்றியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய காருக்குப் பெரும் செலவு வைப்பது பெரும்பாலும் அதன் வயசு கிடையாது. என்ன கோளாறு என்று தெரியாமலே பார்ட்ஸை மாற்றிக்கொண்டு போவதுதான்.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பர் 14-ல் முதல் வண்டி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. டி.என். 37 நம்பரோடு கொங்குப் பக்கம் அந்த 796 சிசி வண்டிகள் இன்னும் கல்யாணத்துக்கும் காடு தோட்டத்துக்கும் போய்வருகின்றன. அதில் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கிற வேலை குறைவு. கார்புரேட்டர் மாடலில் அந்தப் பேச்சே இல்லை. கண், காது, மூக்குதான் ஸ்கேனர்.

எப்போ ஹீட் ஆகுது?

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டார், கேள்விதான் கேட்பார். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியென்றால் சந்தேகம் ஃபேன் மீது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஏ.சி. உள்ள பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

அதற்கு நேர்மாறாக, டவுனுக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, வேகமாகப் போகும்போதோ ஊட்டி, வால்பாறை ஏற்றத்திலோ முள் ஏறுகிறதா? அப்போது ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு இருக்கலாம். வருஷக்கணக்கில் போர் தண்ணியை ஊற்றிய ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதே சமாச்சாரம்தான். ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணியாகவே இருந்தாலும் குழாய்த் தண்ணீர் ரேடியேட்டருக்கு வேண்டாம். கூலன்ட்டும், பேட்டரிக்கு ஊற்றுகிற மாதிரியான உப்பு நீக்கிய தண்ணீரும்தான் சரி.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முள் ஏறி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மட்டும் சூடாகாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க' என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நிறையப் பட்டறைகளில் உண்டு. அன்றைக்குப் பிரச்னை தீரும். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். புது தெர்மோஸ்டாட் ஒன்றும் பெரிய செலவில்லை, மாற்றிவிடச் சொல்லுங்கள்.

நடுவழியில் கொதித்துவிட்டால் ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும். காய்ந்துபோன சூடான இன்ஜினில் ஐஸ் தண்ணியை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். அதற்கப்புறம் ரிலே செலவில் முடிந்திருக்க வேண்டியது இன்ஜின் வேலையாகிவிடும்.

எங்கேயும் ஒழுகாமலே கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறதா? இன்ஜின் ஆறியபின் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் காபி நுரை மாதிரி படிந்திருந்து, சைலன்ஸரிலும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

புகைக்கு ஒரு பாஷை உண்டு

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. "இன்ஜின் இறக்கணும்" என்று பட்டறையில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலம் வந்து அப்புறம் மறைந்தால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால்தான் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம் வர வேண்டும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. 1934-ல் சிமென்ட் ஆலை வந்த காலம் தொட்டு சுண்ணாம்புக்கல்லும் லாரிகளுமாக இருக்கும் மதுக்கரையில் தூசிக்குப் பஞ்சமில்லை. இங்கே ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரை சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே கழற்றிப் பார்ப்பது நல்லது. பிக்கப் இல்லை, மைலேஜ் இல்லை என்ற புலம்பல் சில நேரம் அந்த அட்டை ஃபில்டரோடு முடிந்துவிடும்.

செல்ஃப் எடுக்கலையா?

இதற்கு ஹெட்லைட் போதும். லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கிப்போய் 'கிட்கிட்' என்று சத்தம் வந்தால் பேட்டரியோ அதன் டெர்மினலோ காரணம். டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் கழற்றி வெந்நீரில் கழுவி, துடைத்து இறுக்கிப் பாருங்கள். லைட் பிரகாசமாகவே இருந்து வண்டி மட்டும் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டார், சாவி ஸ்விட்ச் பக்கம் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் ஸ்பார்க் இல்லை.

ஒரு மல்ட்டி மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அப்போது எத்தனை புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் நிற்காது.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

மற்ற கோளாறுகள் வழியில் நிறுத்திவிடும். பிரேக் கோளாறு நிறுத்தவே விடாது. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கும் ஒழுகாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது என்று சந்தேகப்படலாம். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தில் கேலிப்பரோ வீல் சிலிண்டரோ சிக்கியிருக்கும். பிரேக் அடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் கோணியிருக்கலாம். தடிமன் மிச்சமிருந்தால் லேத்தில் கடைந்து சரிசெய்யலாம், கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பிரேக் தொடாமலே 80 கி.மீ. வேகத்தில் ஆடினால் அது வீல் பேலன்ஸிங் சமாச்சாரம்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். கம்மியாக ஓடும் பழைய காரில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டுவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது.

பெட்ரோல் வாசம் வருதா?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மாடல்களின் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்களையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஆனால் காருக்குள் பெட்ரோல் வாசம் வந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். விரிசல் விட்ட ஹோஸ், தளர்ந்த கிளிப், கார்புரேட்டர் ஓரம் எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

15 வருஷம் ஆன பெட்ரோல் கார் ரோட்டில் ஓடவே கூடாது என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். எஃப்.சி.க்கு முந்தின வாரம் பெயின்ட் அடிக்க ஓடுவதற்குப் பதிலாக வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். இன்ஜின் கெட்டால் சரிசெய்யலாம், கியர்பாக்ஸ் கெட்டால் பழசு தேடிப் போடலாம். சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடமும் தரைத்தகடும் துரு ஏறி உளுத்திருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் வீண். கடலோர ஊர்க் கார்களைவிடக் கோவை வண்டிகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. இருந்தாலும் கால்மிதி மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே உள்ள தகட்டைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.