காலனி வீட்டுத் தளத்தில் கம்பி தெரிகிறதா?

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் காலனி வீடு எனப்படும் தொகுப்பு வீடுகள் ஒரே அளவில், ஒரே மாதிரி வாசலோடு வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் போன்றவற்றில் கூலிக் குடும்பங்களுக்காகக் கட்டியவை. கூரை தீப்பிடிக்கும் என்ற பயத்தைப் போக்கியவை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பழைய வீடுகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. தளத்தில் தேங்கும் மழைநீர் துருவை வளர்க்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் அடிக்காரை பாளம் பாளமாகப் பெயர்கிறது. கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதே கணக்கு. ஐ.எஸ். 456 (2000) விதி சாதாரண இடத்துக்கே 20 மி.மீ. கேட்கிறது, கடற்காற்று நேரே படும் இடத்துக்கு 45. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர்கள் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நனைந்த தளம் வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே தொடங்கிய துரு அதோடு நிற்பதில்லை.

பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பதுதான் பெரிய தவறு. துருவைச் சுரண்டாமல் போட்ட ஒட்டு பிடிக்காது. கம்பி இளைப்பதை மறைத்துவிட்டு, பிறகு அதுவும் சேர்ந்து விழும். கழியால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்துக்குக் கீழே பாய் விரிக்காதீர்கள். கம்பி மெலிந்திருந்தால் அது கொத்தனார் ஒருவரோடு முடிகிற வேலை அல்ல. பொறியாளர் பார்க்கும்வரை சவுக்கு முட்டாவது கொடுக்க வேண்டும். நடுச்சுவர் பொதுவென்றால் பக்கத்து வீட்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் அரை டன். கம்பி தெரியும் தளத்தின் மேல் அது இருந்தால், இன்றே காலி செய்து கீழே இறக்குங்கள்.