மொத்தக் குரோமியம் என்ற கணக்கு எதை மறைக்கிறது?

கலிபோர்னியாவின் பெரிய குடிநீர் வழங்கு நிறுவனங்களுக்கு 2026 அக்டோபர் 1 கெடு. ஆறு இணைதிறன் குரோமியத்தை லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் அவை கட்டுப்படுத்த வேண்டும். சத்து மாத்திரையிலும் இருக்கிற குரோமியம் எப்படிப் புற்றுநோய் தரும் என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். மாத்திரையில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்டது. அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆறு இணைதிறன் குரோமியமோ நீரில் குரோமேட்டாக இருக்கிறது. வடிவிலும் மின்னேற்றத்திலும் அது சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கான வழியிலேயே செல் அதை உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வைட்டமின் சியும் குளுட்டாதயோனும் அதை மூன்று இணைதிறனாகக் குறைக்கின்றன. குறைந்ததும் அது வெளியேற முடியாமல் டிஎன்ஏவோடு பிணைந்துகொள்கிறது. செல்லுக்கு வெளியே நடந்தால் நம்மைக் காக்கும் அதே மாற்றம், உள்ளே நடந்தால் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. இந்த நச்சில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

மூச்சுவழி சென்றால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதில் இன்று சர்ச்சை இல்லை. குடித்தால் இரைப்பைச் சாறே அதை மாற்றிவிடுமே என்பது தொழில்துறையின் வாதம். பெருமளவு மாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் ஆய்வில், ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த நீரைக் குடித்த சுண்டெலிகளுக்குக் கட்டி வந்த இடம் சிறுகுடல். இரைப்பையைத் தாண்டி ஒரு பங்கு தப்பிச் சென்றிருக்கிறது. கொடுத்த அளவு மிக அதிகம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. என்றாலும் எல்லார் வயிற்றிலும் அமிலம் ஒரே அளவில் சுரப்பதில்லை. அமிலம் குறைந்தவர்களையும் காக்கத்தானே வரம்பு?

'வரம்புக்குள் இருக்கிறது' என்ற அறிவிப்பை நான் அப்படியே ஏற்காததற்கும் காரணம் உண்டு. கலிபோர்னியா 2011-இல் நிர்ணயித்த நல்வாழ்வு இலக்கு 0.02 மைக்ரோகிராம். சட்ட வரம்பு அதைப்போல் 500 மடங்கு. இடைவெளியை நிர்ணயித்தவை சுத்திகரிப்புச் செலவும் தொழில்நுட்பமும். 2014-இல் வந்த இதே வரம்பு, செலவுத் திறனை முறையாக ஆராயவில்லை என்பதற்காக 2017-இல் நீதிமன்றத்தில் விழுந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஆறு இணைதிறனுக்கென்று தனி வரம்பே கிடையாது. இரண்டு வகையையும் சேர்த்து மொத்தக் குரோமியம் 50 மைக்ரோகிராம் என்பதோடு சரி. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேலான கழிவின் அருகே வாழ்பவர்களுக்கு, அந்த ஒற்றை எண் பாதி விவரத்தைக்கூடச் சொல்வதில்லை.

கொதிக்கவைத்தால் போகுமா? போகாது, செறிவுதான் கூடும். ஆர்.ஓ.? நன்றாகப் பராமரித்தால் பெருமளவு நீக்கும். நிறம் காட்டிக்கொடுக்குமா? மிக அதிகமானால் மட்டும் மஞ்சளாகும்.

தோல் ஆலைகளோ குரோம் முலாம் பட்டறைகளோ உள்ள பகுதியில் இருப்பவர்கள், நீர்ப் பரிசோதனை அறிக்கையில் ஆறு இணைதிறன் குரோமியத்தின் அளவைத் தனியே எழுதித் தரும்படி கேளுங்கள்.