நடுகிற கைக்குப் பயிற்சி கொடுங்கள்

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் கார் நடவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள். கிடைத்த ஆட்களைக் கொண்டு நட்டு முடித்தால் போதும் என்ற அவசரத்தில், பயிற்சியில் கேட்டது வரப்போடு நின்றுவிடுகிறது. செம்மை நெல் சாகுபடிப் பயிற்சிக்குப் போய்வந்த பலருடைய வயலிலும் பழைய நடவே நடக்கிறது.

இது சிறிய இழப்பு அல்ல. 2003-04ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் வயல்களில் இம்முறையைச் சோதித்தது. வழக்கமான நடவில் எக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ கிடைத்தது. செம்மை முறையில் 7,227 கிலோ. ஏக்கர் கணக்கில் சுமார் 635 கிலோ கூடுதல். சிற்றாறும் தாமிரபரணியில் சேரும் ஆறுதான். நம் மண்ணுக்கு இது அந்நியமான சங்கதி இல்லை.

அப்படியானால் தடை எங்கே? விதை 2 கிலோ போதும், நாற்றங்கால் ஒரு சென்ட் போதும் என்பதெல்லாம் விவசாயிக்கு உடனே புரிகிறது. ஆனால் 14 நாள் நாற்றை வேர் மண்ணோடு எடுத்து, அரைமணி நேரத்துக்குள், குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், மேலாக நட வேண்டியது நடவுப் பெண்கள். நெருக்கி நடும்போது சதுர மீட்டருக்கு 50 குத்து. இதில் 16 மட்டுமே. குத்துக்கு இரண்டு நாற்று என்றாலும் பழைய முறையில் ஏக்கருக்கு நான்கு லட்சம் நாற்று விழும். இதில் ஏறத்தாழ 65,000. சிறு வயதிலிருந்து பிடி நாற்றைக் கிள்ளி ஊன்றிப் பழகிய விரலுக்கு ஒற்றை நாற்று வெறும் புல்லாகத் தெரியும். “இது பிழைக்குமா?” என்ற சந்தேகத்தில் இரண்டு மூன்றாகச் சேர்த்து வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சிக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பட்டாதாரர். டீ குடித்துக் கையேட்டை வாங்கி வருகிறார். நடுகிறவர் வேறு. பெண்களுக்குத் தனியாகக் கற்றுத்தர நம் மாநிலத்தில் முயற்சி நடக்காமலில்லை. டென்மார்க் நாட்டின் டானிடா உதவியோடு 1986இல் தொடங்கிய தான்வா திட்டத்தில், சிறு, குறு விவசாயக் குடும்பப் பெண்களுக்குப் பெண் வேளாண்மை அலுவலர்களே பயிற்சி தந்தார்கள். கற்றவர் பத்துப் பேருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அது நிலமுள்ள வீட்டுப் பெண்களுக்கானது. கூலிக்கு நடுகிற கூட்டத்தை எட்டுவதற்கு விவசாயிதான் முயல வேண்டும்.

எப்படிச் செய்யலாம்? பேச்சு வேண்டாம், வயல் போதும். நாற்றுக்கு 14 நாள் ஆகிற அன்று காலை, நடவுக் கூட்டத் தலைவியையும் இன்னும் இரண்டு பேரையும் முதலில் இறக்குங்கள். 25 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் கட்டிய கயிற்றைப் பிடித்து, இரண்டு சென்ட் மட்டும் நடச் சொல்லுங்கள். வரப்பில் நின்று கத்தாதீர்கள். நீங்களும் சேற்றில் இறங்கி ஒரு வரிசை நட்டுக் காட்டுங்கள். பத்தாம் நாள் அதே மூவரைக் கூப்பிட்டு, வேர்விட்டு நிற்கும் ஒற்றை நாற்றைக் காட்டுவது அவசியம். கண்ணால் பார்த்தபின் சந்தேகம் போய்விடும். சாரல் காலத்தில் பள்ளமான இடத்தில் நீர் நின்று இளநாற்று மூழ்கி அழுகும். ஆகவே வயலைச் சமப்படுத்தி, ஓரத்தில் வடிகால் எடுத்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். முதல் நடவு கெட்டால் ‘நாங்கள் அப்பவே சொன்னோமே’ என்பார்கள்.

அடுத்தது கூலி. நம்மில் பலர் இதைத்தான் யோசிப்பதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவு விட்டால், புது முறையில் முதல் நாள் வேலை மெதுவாகத்தான் நகரும். நட்டம் அந்தப் பெண்களுக்கு. மாலைக்குள் முடிக்க வேண்டுமே என்று பழைய நடவுக்குத் திரும்பிவிடுவார்கள். எனவே முதல் இரண்டு நாளும் நாள்கூலி பேசுங்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ கணினி நிறுவனம், தன் பள்ளியில் படிக்கும் இளைஞர்களிடம் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத்தருகிறது. கற்கிற நாளுக்கும் கூலி உண்டு என்ற அந்தக் கணக்கு வயலுக்கும் பொருந்தும். விதையில் மட்டுமே ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் மிச்சமாகிறது. அதிலிருந்து கொடுத்தால் போகிறது.

தனி ஒருவர் இதைச் செய்வது கஷ்டம். ஒரே மடையில் பாயும் நான்கு விவசாயிகள் சேர்ந்தால் சுலபம். நால்வரும் ஒரே நாளில் நாற்றுவிடாமல், மூன்று நாள் இடைவெளியில் விடுங்கள். ஒரே கூட்டம் வரிசையாக நால்வர் வயலிலும் நடும். முதல் வயலில் தடுமாறிய கை நான்காவது வயலில் ஓடும். முதல் வயல்காரருக்கு ஆகும் கூடுதல் கூலியை நால்வரும் பங்கிட்டுக்கொள்ளலாம். அடுத்த பிசானத்துக்கும் அதே கூட்டத்தை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். கற்றவர்கள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

களை விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. கோனோ களைக்கருவி வந்ததும் பல இடங்களில் ஆண்களே அதைத் தள்ள, கைக்களை எடுத்த பெண்களுக்குக் கூலி போயிற்று. தன் பிழைப்பைக் கெடுக்கும் முறையை யார் மனம் ஒப்பி நடுவார்கள்? கருவி ஓட்டவும் நடவுப் பெண்களுக்கே பழக்கிவிடுங்கள். நட்ட பத்தாம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, நாற்பதாம் நாள் வரை, லேசாக நீர் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். கயிறு பிடித்து ஒழுங்காக நட்டிருந்தால்தான் கருவி இரு பக்கமும் போகும்; தாம் நட்ட வயலில் தாமே ஓட்டும்போது கோணல் எங்கே என்று அவர்களே கண்டுகொள்வார்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அட்மா பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போது, உங்கள் பெயரோடு கூட்டத் தலைவியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். நாற்றுவிடும் வாரத்திலேயே உங்கள் ஊர் வயலில் பயிற்சியை வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.