ஆரத்தித் தட்டும் கார் சீட்டும்

காஞ்சிபுரத்தில் புதுக் கார் வாங்குபவர் பலரும் வண்டியை முதலில் நிறுத்துவது கோயில் வாசலில்தான். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் வண்டி நம்முடையது ஆனது போல ஒரு நிறைவு. வீடு திரும்பும்போது மஞ்சள், விபூதி, நெய் எல்லாம் கூடவே வந்துவிடும். மறுநாள் சீட்டுத் துணியில் ஒட்டிய மஞ்சளைத் துணி சோப்பு போட்டுத் தேய்த்தால், கறை போகாதது மட்டுமல்ல, சிவந்தும் விடும்.

பதற வேண்டாம். ஆரத்தி கரைக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதைத்தான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின், அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தெரியும். சுண்ணாம்பைப் போலத் துணி சோப்பும் காரம். சோப்பை நன்றாக அலசி, சில துளி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் ஒற்றினால் கறை மீண்டும் மஞ்சளாகும்.

அதை அகற்ற இரண்டு வழி உண்டு. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். எனவே சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்கலாம். சீட்டின் மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். தோல் சீட்டுக்கு இது வேண்டாம். இன்னொரு வழி வெயில். சூரிய ஒளியில் குர்க்குமின் சிதைந்துவிடும். மஞ்சள் பட்ட வேட்டி கொடியில் காயக் காய வெளுப்பது அதனால்தான். கழற்றக்கூடிய உறையென்றால் துவைத்து மொட்டை மாடியில் போட்டுவிடுங்கள்.

சாம்பல் தேய்க்கும்

அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரம் சாம்பலால் பளபளத்தது. சாம்பலில் உள்ள சிலிக்காத் துகள்கள் உப்புக் காகிதம் போல மேற்பரப்பை இழைக்கும். சாண விபூதியிலும் தெருப் புழுதியிலும் அதே சிலிக்கா இருக்கிறது. காரின் நிறத்துக்கு மேலே காவலாக இருக்கும் நிறமற்ற பூச்சின் தடிமன் ஏறக்குறைய 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உலர்ந்த துணியால் புழுதியைத் துடைத்தால் வெயிலில் வட்டவட்டமாகத் தெரியும் கீறல்கள் விழுவது இதனால்தான். முதலில் தண்ணீரை ஊற்றித் துகள்களை ஓடவிடுங்கள். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி வைத்துக்கொண்டால் எடுத்த மண் திரும்ப வண்டியில் ஏறாது.

இழைக்கும் குணம் உதவும் இடமும் உண்டு. முகப்பு விளக்கின் பாலிகார்பனேட் மூடி வெயிலில் மஞ்சளாகி மங்கும். பற்பசையில் உள்ள மென்மையான துகள்கள் அந்தப் படலத்தைத் தேய்த்து எடுத்துவிடும். ஆனால் பழைய பாதுகாப்புப் பூச்சு திரும்ப வராததால், சில மாதங்களில் மறுபடி மங்கும்.

இட்லி நெய்யும் வெள்ளைப் புள்ளியும்

வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைக் காரிலேயே பிரித்துச் சாப்பிட்டால், சீட்டில் நெய் சொட்டுவது உறுதி. உடனே தண்ணீர் விடாதீர்கள். கடலை மாவையோ முகப் பவுடரையோ தூவி அரை மணி நேரம் விடுங்கள். துகள்களின் நுண்ணிய இடைவெளிகள் நெய்யை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தட்டிவிட்டு, மிஞ்சியதைச் சோப்பு நுரையால் ஒற்றுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும்.

டாஷ்போர்டு பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது பலர் சொல்லும் யோசனை. பளபளப்பு ஒரு நாள்தான். அதன்பின் புழுதி அதில் அப்பிக்கொள்ளும், எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கும். ஈரத்துணியே போதும்.

போர் தண்ணீரில் கழுவிய கார் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கண்ணாடியில் உள்ள புள்ளிகளை, வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் அமிலம் கரைத்துவிடும். துடைத்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழுவிய காரைத் தானாகக் காயவிடாமல் உடனே துடைத்துவிட்டால் புள்ளியே வராது.

பட்டு சொல்லும் அளவு

இந்த வேதியியல் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. கச்சாப் பட்டு இழையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு வரை செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்து அதை நீக்கிய பிறகுதான் பட்டின் மினுமினுப்பு வெளிப்படும். காரமோ நேரமோ கூடினால், பசையோடு இழையும் நலிந்துவிடும். கார் சீட்டுத் துணிக்கும் அதே கணக்குதான்: சோப்பு கொஞ்சமாக, ஊறல் சிறிது நேரம், அலசல் நுரை நிற்கும்வரை.